திரும்ப வரும் காயம்: நெடுந்தூர ஓட்டவீரர் பற்றிய ஆய்வின் வரலாறு

நெடுந்தூர ஓட்டத்தில் வரும் காயங்களுட் பெரும்பாலானவை விழுந்தோ மோதியோ ஏற்படுபவை அல்ல. ஒரு கிலோமீற்றர் ஓட ஏறத்தாழ ஆயிரம் அடி வைக்க வேண்டும். ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை தரையிலிருந்து காலில் ஏறுகிறது. அந்த விசையால் எலும்பிலும் தசைநாணிலும் உண்டாகும் நுண்ணிய சிதைவுகளை உடல் ஓய்வு வேளையில் சரிசெய்துகொள்கிறது. சரிசெய்யும் வேகத்தைச் சிதைவு முந்தும்போது முழங்கால் வலி, கணைக்கால் வலி, குதிகால் தசைநாண் வலி, பாத எலும்பில் மயிரிழை வெடிப்பு (அழுத்த முறிவு) என அது வெளிப்படுகிறது. இவற்றை மிகைப்பயன்பாட்டுக் காயங்கள் என்பர். ஒருமுறை இக்காயத்துக்கு ஆளானவரே ஏன் மறுபடியும் ஆளாகிறார் என்ற கேள்வி ஓட்ட மருத்துவத்தில் மிகப் பழையது. அதற்கான விடை காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

முதற்பதிவு ஓட்டக்காரரிடமிருந்து வரவில்லை. 1855இல் பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுந்தூரம் அணிநடை சென்ற சிப்பாய்களின் பாதங்கள் வீங்கி வலிப்பதை விவரித்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1895இல் எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்டபின், 1897இல் ஷ்டெக்கோவ் என்பவர் அந்த வீக்கத்துக்குள் இருந்தது பாத எலும்பு முறிவே என்று காட்டினார். அடியோ விழுதலோ இல்லாமல், நடந்து நடந்தே எலும்பு முறியும் என்பது அன்று புதுச் செய்தி. படைப் பயிற்சியின் தொடக்க வாரங்களில் இம்முறிவு கூடுதலாக வருவதற்கான விளக்கம் பின்னர் கிடைத்தது. புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது. அதற்குச் சில வாரங்கள் போதும். புதிய எலும்பு படிந்து இறுகவோ மாதக்கணக்காகும். இடைப்பட்ட காலத்தில் எலும்பு முன்னிருந்ததைவிட வலுக்குறைந்திருக்கும். மீள்காயத்தை விளங்கிக்கொள்ள இந்த ஒரு செய்தி மிகவும் பயன்படும்.

இலங்கையின் லூசியன் ரோசா 1970இல் பாங்கொக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 10,000 மீற்றரில் தங்கம் வென்ற காலத்தில், ஓடுவோரில் எத்தனை பேர் காயமடைகின்றனர் என்ற கணக்கே உலகில் இருக்கவில்லை எனலாம். எழுபதுகளில் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பொதுமக்கள் பெருந்தொகையாக வீதியில் ஓடத் தொடங்கிய பிறகுதான் வைத்தியசாலைக் கதவுகள் தட்டப்பட்டன. 1978இல் ஜேம்ஸ், பேட்ஸ், ஓஸ்டர்னிக் ஆகிய மூவரும் காயமடைந்த 180 ஓட்டக்காரரைப் பார்த்து எழுதிய கட்டுரை, பெரும்பான்மைக் காயங்களுக்குப் பயிற்சிப் பிழையே காரணம் என்றது: திடீரென்று தூரத்தைக் கூட்டுவது, வேகப் பயிற்சியை அடுக்குவது, தரையை மாற்றுவது. இன்றைய ஆய்வுகள் பெரிய செலவில் வந்தடைந்திருக்கும் இடத்துக்கு அருகிலேயே அக்கட்டுரை நின்றது. ஆனால் அடுத்த முப்பது ஆண்டுகள் கவனம் வேறு பக்கம் போயிற்று.

அந்தப் பக்கம் பாதமும் சப்பாத்தும். பாதம் உட்புறம் சாய்வதே காயத்தின் வேர் என்று கருதப்பட்டது. பாதத்தின் வளைவை அளந்து, அதற்கேற்ற சப்பாத்தைப் பரிந்துரைப்பது மருத்துவ நடைமுறையாகவே ஆனது. அமெரிக்கப் படையில் பயிற்சி பெறுவோரிடம் நாப்பிக் குழுவினர் இதைச் சோதித்தபோது, பாத வடிவுக்கேற்பச் சப்பாத்து வழங்கியதால் காயம் குறையவில்லை என்பது தெரிந்தது. எதிர்த்திசையில், சப்பாத்தைக் கழற்றிவிட்டால் காயம் போய்விடும் என்ற நம்பிக்கை 2010இல் லீபர்மன் குழுவினர் வெறுங்காலோட்டம் பற்றி வெளியிட்ட கட்டுரைக்குப் பின் பரவியது. தெற்காசியாவுக்கு வெறுங்காலோட்டம் புதியதல்ல. 1978இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மரதன் ஓடிய இந்தியாவின் சிவ்நாத் சிங் வெறுங்காலுடன் ஓடியே பெயர்பெற்றவர். சிறு வயது முதல் வெறுங்காலில் ஓடி இறுகிய காலும், முப்பது வயதில் சப்பாத்தைக் கழற்றிய காலும் ஒன்றல்ல. பின்னதில் சுமை முழங்காலிலிருந்து கெண்டைக்காலுக்கும் பாத எலும்புக்கும் இடம் மாறுகிறதே தவிர மறைவதில்லை.

தரை பற்றிய ஆய்வும் இதே பாடத்தையே சொல்கிறது. கற்பிட்டிக் குடாநாட்டில், புத்தளக் களப்புக்கும் கடலுக்கும் நடுவே அமைந்த மாம்புரி போன்ற ஊர்களில் இது வெறும் ஏட்டுக் கேள்வியல்ல. அங்கு ஓடப் பழகுபவருக்கு வாய்ப்பது கடற்கரை மணல், அல்லது பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் தார் வீதி. மணல் மென்மையானது, ஆகவே பாதுகாப்பானது என்பது பரவலான எண்ணம். 1998இல் லெஜன் குழுவினர் அளந்தபோது, மணலில் ஓட உறுதியான தரையைவிட 1.6 மடங்கு சக்தி செலவாவது தெரிந்தது. கால் புதைவதால் குதி தாழ்கிறது. கெண்டைத் தசையும் குதிகால் தசைநாணும் ஒவ்வோர் அடிக்கும் கூடுதலாக இழுபடுகின்றன. 2008இல் ஜெர்மனியில் மூத்த ஓட்டவீரரிடம் நோப்லொக் குழுவினர் நடத்திய ஆய்வில், மணலில் பயிற்சி செய்தோருக்குக் குதிகால் தசைநாண் நோய்க்கான அபாயம் ஏறத்தாழ பத்து மடங்காக இருந்தது. தார் வீதியில் அது குறைந்தே காணப்பட்டது. மணலில் ஓடியவர் தொகை சிறிதென்பதால் அந்தப் பத்து மடங்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆயினும் அதன் திசை உடலியக்கக் கணக்கோடு ஒத்துப்போகிறது. அலை நனைத்த இறுகிய மணல் புதைவதில்லை என்றாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே திசையில் நெடுநேரம் ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்விலேயே விழும். மணலை ஒதுக்க வேண்டும் என்பதல்ல இதன் பொருள். முழங்கால் வலியால் தார் வீதியை விட்டு மணலுக்கு மாறுபவர் முழங்காலின் சுமையைக் குதிகாலுக்கு ஏற்றுகிறார். அந்த மாற்றமும் படிப்படியாகவே நடக்க வேண்டும்.

மருத்துவமனைக்கு வந்தவரை மட்டும் பார்க்காமல் ஓடுவோர் எல்லாரையும் எண்ணத் தொடங்கியது எண்பதுகளின் பெரும் பேறு. சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் 1984ஆம் ஆண்டு 16 கிலோமீற்றர் போட்டியில் ஓடிய 4,358 ஆண்களை மார்ட்டி குழுவினர் விசாரித்தபோது, 45.8 சதவீதத்தினர் ஓராண்டில் ஏதேனும் ஒரு காயம் கண்டிருந்தனர். வாராந்தத் தூரம், போட்டி நோக்கு, முந்திய காயம் ஆகியவை அபாயத்தோடு சேர்ந்து நின்றன. 1989இல் கனடாவின் ஒன்ராறியோவில் வால்ட்டர் குழுவினர் 1,680 பேரை ஓராண்டு பின்தொடர்ந்த ஆய்வை வெளியிட்டனர். அவர்களில் 48 சதவீதத்தினர் காயமடைந்தனர்; அக்காயங்களில் 54 சதவீதமே புதியவை. மற்றவை பழைய காயத்தின் மறுவருகை. 1992இல் வான் மெகெலன், 2007இல் வான் ஹென்ட், 2014இல் சரஜோட்டோ என அடுத்தடுத்து வந்த தொகுப்பாய்வுகள் எல்லாவற்றிலும் தவறாமல் இடம்பெற்ற காரணி முந்திய காயம். அமெரிக்காவில் மெசியர் குழுவினர் 300 பேரை இரண்டாண்டு பின்தொடர்ந்து 2018இல் வெளியிட்ட முடிவின்படி, 199 பேர் காயமடைந்தனர். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை காயம்பட்டவர்கள்.

முந்திய காயம் உண்மையில் ஒரு காரணமா என்பது வேறு கேள்வி. கனடாவின் மீவிஸ் 1994இலும் 2007இலும் முன்வைத்த மாதிரியின்படி, காயத்திலிருந்து மீண்டு வருபவர் காயத்துக்கு முன் இருந்த அதே ஆள் அல்லர். தசை வலுக் குன்றியிருக்கலாம், வலித்த காலைக் காக்கும் பழக்கம் நடையில் தங்கியிருக்கலாம், எலும்பு முழுதாக இறுகாமல் இருக்கலாம். மறுபுறம், முதற்காயத்தை உண்டாக்கிய உணவுக் குறையோ பயிற்சி முறையோ அப்படியே தொடரவும் கூடும். அப்போது பழைய காயம் காரணமன்று, தீராத காரணத்தின் அடையாளம். இந்த இரண்டையும் பிரித்தறியாமல் வலி நின்றதை மட்டும் குணமாகக் கொள்வதே மீள்காயத்தின் நடைமுறை வேர் எனத் தோன்றுகிறது.

உணவின் பங்கு தாமதமாகவே கவனத்துக்கு வந்தது. அது முதலில் தெளிவானது பெண் ஓட்டவீரரிடம்; ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மரதன் முதன்முதல் நடந்ததோ 1984இல்தான். போதிய உணவின்மை, மாதவிடாய் நின்றுபோதல், எலும்பு நலிவு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 1997இல் முறைப்படி அறிவித்தது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதை விரித்து, சக்திப் பற்றாக்குறை ஆண்களையும் தாக்கும் என்றது. 2013இல் டென்ஃபோர்ட் குழுவினர் 748 பாடசாலை ஓட்டவீரரிடம் கண்டது இன்னும் தெளிவானது. முன்னர் எலும்பு முறிவு கண்ட பெண் பிள்ளைகளுக்கு அழுத்த முறிவு வரும் அபாயம் ஆறு மடங்கு, ஆண் பிள்ளைகளுக்கு ஏழு மடங்கு. பெண் பிள்ளைகளில் குறைந்த உடல் எடையும் தாமதமாகப் பூப்பெய்தலும் அபாயத்தைக் கூட்டின. ஓடும் பிள்ளைக்கு மாதவிடாய் நின்றுபோனால் அதைப் பயிற்சியின் இயல்பான விளைவென்று விட்டுவிடுவது, நம் சூழலில் இன்னும் நடக்கும் பெரும் தவறு. தென்னாப்பிரிக்காவில் நெடுமரதனுக்கு (மரதனைவிட நீண்ட ஓட்டத்துக்கு) பதிவுசெய்த 29,585 பேரை ஆராய்ந்தவர்கள் நாட்பட்ட நோயும் ஒவ்வாமையும்கூடக் காயத்தோடு தொடர்புற்றிருப்பதைக் காட்டினர். ஓடும் கால் முழு உடலோடு சேர்ந்தே பார்க்கப்பட வேண்டும் என்பதற்கு இது மேலும் ஒரு சான்று.

வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டக் கூடாது என்ற விதி பல்லாண்டு வேதவாக்காக இருந்தது. 2008இல் நெதர்லாந்தில் பைஸ்ட் குழுவினர் புதிதாக ஓடத் தொடங்கியோரிடம் இதைச் சோதித்தபோது, விதியைப் பின்பற்றியோர் 20.8 சதவீதமும் மற்றோர் 20.3 சதவீதமும் காயமடைந்தனர். வித்தியாசம் இல்லை. 2025இல், கைக்கடிகாரப் பதிவுகளைக் கொண்டு 5,205 பேரை ஆராய்ந்த டென்மார்க் ஆய்வாளர் அதற்கொரு விளக்கம் தந்தனர். வாரக் கணக்கு அல்ல, ஒற்றை ஓட்டமே தீர்மானிக்கிறது. கடந்த 30 நாட்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தை ஓர் ஓட்டம் 10 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அபாயம் கூடியது. இரட்டிப்புக்கு மேல் போனால் அது இரு மடங்குக்கும் அதிகமானது.

இந்த அளவுகோலை மீள்காயத்துக்குப் பொருத்திப் பார்த்தால் பழைய புதிர் பெருமளவு அவிழ்கிறது. கணைக்கால் வலியால் ஐந்து வாரம் ஓய்ந்தவருக்குக் கடந்த 30 நாட்களின் மிக நீண்ட ஓட்டம் பூச்சியம். அவர் வழக்கமான எட்டுக் கிலோமீற்றருக்குத் திரும்பினால் மனம் அதைச் சிறிய ஓட்டம் என்கிறது; எலும்புக்கும் தசைநாணுக்கும் அது முன்னறியாத பாய்ச்சல். பாடசாலை ஓட்டவீரருக்கு வலய மட்டம், மாகாண மட்டம், அகில இலங்கை மட்டம் எனப் போட்டிகள் அடுத்தடுத்து வருவதால் இந்தப் பாய்ச்சலுக்கான நெருக்குதல் கூடுகிறது. எளிய மருந்து ஒரு கொப்பிதான்: ஒவ்வொரு நாளும் ஓடிய தூரம், மணலா தாரா, மறுநாட் காலை வலி இருந்ததா என்ற மூன்றையும் அதில் எழுதிவரும் பயிற்றுநருக்கு, காயத்திலிருந்து திரும்பும் பிள்ளையின் முதல் ஓட்டம் எவ்வளவு இருக்கலாம் என்பதை நினைவை நம்பாமல் சொல்ல முடியும்.