ஏகாதசி பாட்லக்கும் எங்க ஊர் ஜவ்வரிசியும்

போன ஆஷாட ஏகாதசிக்கு எங்கள் குடியிருப்பில் பாட்லக் வைத்தார்கள். ஆளுக்கொரு பதார்த்தம் வீட்டில் செய்து கொண்டுவர வேண்டும், ஆனால் எல்லாம் விரதத்துக்கு ஆகிற மாதிரி இருக்க வேண்டும். புனேயில் இருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். நம்ம பக்கம் ஏகாதசிக்கு அரிசி மட்டும்தான் ஆகாது, ரவை உப்புமாவை ஒரு பிடி பிடிக்கலாம். இங்கே கோதுமையும் கூடாது, பருப்பும் கூடாது. தங்கமணி புளியோதரை என்று வாயெடுத்ததுமே பக்கத்து வீட்டு காக்கூ பதறிவிட்டார்.

கடைசியில் ஊரிலிருந்து வந்திருந்த அம்மா கொண்டுவந்த ஜவ்வரிசி வடாமைப் பொரித்து எடுத்துப் போனோம். அங்கே மேசையில் பாதிக்கு மேல் சாபுதானா கிச்சடி, சாபுதானா வடை. தட்டை நீட்டிய காக்கூ, "உங்க ஊரில் சாபுதானா எல்லாம் கிடைக்குமா?" என்று அன்பாகக் கேட்டார்.

ஆத்தூர்க்காரனிடம் இந்தக் கேள்வி! சும்மா இருக்க முடியுமா? அங்கே அரைகுறை இந்தியில் சொன்னதை இங்கே தமிழில் முழுசாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கிச்சடியைப் பாருங்கள். ஜவ்வரிசி, நிலக்கடலை, உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய். ஜவ்வரிசிக்கு மூலம் மரவள்ளிக்கிழங்கு. இந்த நாலுமே அமெரிக்கக் கண்டங்களில் பிறந்தவை. 1492இல் கொலம்பஸ் அந்தப் பக்கம் போய் இறங்குவதற்கு முன் இவற்றில் ஒன்றுகூட இந்தியாவில் கிடையாது. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஞானேஸ்வரர் ஏகாதசிக்கு என்ன சாப்பிட்டாரோ, நிச்சயமாக இந்தக் கிச்சடி இல்லை. தானியத்தைத் தள்ளு என்பதுதான் பழைய விதி. கப்பலில் வந்த கிழங்கு தானியம் இல்லை, அதனால் உள்ளே வந்துவிட்டது. காக்கூவிடம் இதைச் சொன்னபோது நெய்யும் சீரகமும் எங்களுடையதுதானே என்றார். ஒப்புக்கொண்டேன்.

ஜவ்வரிசியின் கதை இன்னும் வேடிக்கை. அது முதலில் மரவள்ளியிலிருந்து செய்ததே இல்லை. மலேயா, இந்தோனேசியா பக்கம் சாகோ என்று ஒரு பனை வகை உண்டு. அதன் தண்டுக்குள் இருக்கும் சோற்றிலிருந்து மாவெடுத்து உருட்டியதுதான் அசல் சரக்கு. நம் தாத்தா காலத்துப் பாயசத்துக்கு அது அங்கிருந்து கப்பலில் வந்தது. மரவள்ளியோ தனியாக வேறு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை ஏழைகளின் பசிக்கு உதவும் பயிர் என்று ஊக்குவித்தார். அங்கிருந்து சேலம் பக்கமும் பரவி, எங்கள் வாயில் குச்சிக்கிழங்கு ஆனது.

இரண்டும் சந்தித்தது இரண்டாம் உலகப்போரில். 1942 தொடக்கத்தில் மலேயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியரிடம் விழுந்தன, ஜவ்வரிசி வரத்து நின்றது. 1943இல் சேலத்து வியாபாரி மாணிக்கம் செட்டியாரும், மலேயாவில் இந்தத் தொழிலைப் பார்த்திருந்த போபட்லால் ஷாவும் சேர்ந்து குச்சிக்கிழங்கு மாவில் ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். ஈர மாவைத் துணித் தூளியில் போட்டு ஆட்டி ஆட்டி உருட்டி, சட்டியில் வறுத்து, வெயிலில் காயவைத்தார்கள். பிறகு இயந்திரங்கள் வந்தன. 1981இல் உற்பத்தியாளர்கள் சேர்ந்து சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தை உண்டாக்கினார்கள். 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பனை போய்க் கிழங்கு வந்ததை விரதம் இருப்பவர்கள் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. பெயர் மாறவில்லை, உருண்டை மாறவில்லை, போதாதா!

இதுவரை காக்கூவிடம் சொன்னேன். இனிமேல் வருவதை அன்று சொல்லவில்லை.

எங்கள் அம்மா சேகோ ஃபேக்டரியில் கிழங்குத் தோல் உரித்தவர். கூடைக் கணக்குக் கூலி. வண்டியில் வந்து இறங்கும் கிழங்கைப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து கத்தியால் கீறி உரிப்பார்கள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புடவை முழுக்க வெள்ளையாக மாவு காய்ந்திருக்கும், விரல் இடுக்கில் வெடிப்பு. ஃபேக்டரித் தண்ணீரின் புளித்த நாற்றத்துக்கு ஆத்தூர் பஸ்ஸில் எல்லாரும் மூக்கைப் பொத்துவார்கள். நான் மட்டும் பொத்த மாட்டேன். பொத்தினால் அம்மாவைச் சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். அந்தக் கூலியில்தான் நான் பி.காம். படித்தேன்.

வங்கியில் சேர்ந்தபின் கொஞ்ச காலம் எங்கள் பக்கத்துக் கிளை ஒன்றிலேயே இருந்தேன். ஜவ்வரிசி மூட்டைகளின் பேரில் கடன் கொடுக்க கோடவுனுக்குப் போய் எண்ணிவிட்டு வருவேன். கிழங்கை 'பாயின்ட்' கணக்கில்தான் வாங்குவார்கள், அதாவது மாவுச்சத்து எவ்வளவோ அவ்வளவு விலை. விவசாயிக்கு, ஆலைக்கு, வியாபாரிக்கு எல்லாருக்கும் என் படிவத்தில் ஒரு பத்தி இருந்தது. தோல் உரித்தவர்களுக்கு இல்லை. கையெழுத்துப் போட்டதும் நான்தான். இன்றைக்கும் அது உறுத்துகிறது.

பாட்லக்கில் அம்மா ஒரு மூலையில் கிச்சடித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. காக்கூ பக்கத்தில் போய் உட்கார்ந்து ஜாடையில் எப்படி இருக்கிறது என்று கேட்டார். அம்மா ஒரு உருண்டையை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். "நல்லா ஊறியிருக்கு. மாவு ஜவ்வரிசி. நைலான்ல இப்படி வராது" என்றார். மொழிபெயர்த்தேன். காக்கூவுக்கு ஒரே ஆச்சரியம், "இவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அம்மாவுக்கு அந்தத் தொழில் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். என்ன கேட்கிறார் என்று அம்மா விசாரித்தார். சொன்னேன்.

"தோல் உரிச்சேன்னு சொல்றதுக்கு என்னடா?" என்றார் அம்மா.

சொன்னேன். காக்கூ எழுந்து போய் வீட்டிலிருந்து சாபுதானா பாக்கெட்டைக் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தார். பின்பக்கம் சின்ன எழுத்தில் சேலம் என்று இருந்தது. அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்க வராது, நான்தான் படித்துக் காட்டினேன்.