ஒரே நேரத்தில் பல முதன்மைப் பாடங்கள்: கல்லூரிக் கல்வியின் ஒரு வரலாறு

கல்லூரியில் ஒரு மாணவர் எத்தனை பாடங்களில் ஆழ்ந்து படிக்கலாம் என்பது இரண்டு நூற்றாண்டுகளாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி. ஒரே பட்டத்துக்குள் இரண்டு துறைகளை முதன்மையாகப் படிப்பது இரட்டை முதன்மைப் பாடம் (டபுள் மேஜர்) எனப்படும். இரண்டு தனித்தனிப் பட்டங்களை ஒரே காலத்தில் படிப்பது இரட்டைப் பட்டம். முன்னதில் கிடைப்பது ஒரு பட்டச் சான்றிதழ், பின்னதில் இரண்டு. அன்றாடப் பேச்சில் இவை ஒன்றாகக் குழம்பினாலும், மாணவரின் நேரத்தையும் உழைப்பையும் பொறுத்தவரை இரண்டுக்கும் வேறுபாடு பெரிது.

எல்லோருக்கும் ஒரே பாடம்

இடைக்கால ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் பேச்சே எழவில்லை. இலக்கணம், தருக்கம், சொற்கலை, எண்கணிதம், வடிவியல், இசை, வானியல் ஆகிய ஏழு கலைகளே எல்லோருக்கும் அடிப்படை. அவற்றைக் கற்ற பிறகே இறையியல், சட்டம், மருத்துவம் போன்ற உயர்துறைகளுக்குச் செல்ல முடிந்தது. அறிவு பரந்துபட்டதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் எதைப் படிப்பது என்பதை முடிவு செய்தவர் மாணவர் அல்லர்.

ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும்

ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் 1800இல் தன் தேர்வு முறையைச் சீர்திருத்தியது. 1807இல் செவ்வியல் இலக்கியத்துக்கும் கணிதத்துக்கும் தனித்தனிச் சிறப்புத் தேர்வுகள் ஏற்பட்டன. மறு ஆண்டே இராபர்ட் பீல் இரண்டிலும் முதல் வகுப்பு பெற்றார். 'இரட்டை முதல் வகுப்பு' பெற்ற முதல் மாணவர் அவரே. 1831இல் வில்லியம் கிளாட்ஸ்டனும் அதே சிறப்பை அடைந்தார். இருவரும் பின்னாளில் பிரிட்டனின் பிரதமர்கள் ஆனார்கள். இரு துறைகளில் தேர்ந்தவர் நாட்டையும் ஆளத் தகுந்தவர் என்ற எண்ணம் இத்தகைய எடுத்துக்காட்டுகளால் வலுப்பட்டது.

கேம்பிரிட்ஜில் கணிதமே அரசனாக இருந்தது. அங்கே செவ்வியல் சிறப்புத் தேர்வு 1824இல் முதன்முறையாக நடைபெற்றது. ஆயினும் அதை எழுத விரும்பியவர்கள் முதலில் கணிதச் சிறப்புத் தேர்வில் தேற வேண்டும் என்ற விதி நெடுங்காலம் நீடித்தது. இந்தியாவில் ஆங்கிலக் கல்விக்கு வழிவகுத்த 1835ஆம் ஆண்டுக் குறிப்பை எழுதிய மெக்காலேவும் கேம்பிரிட்ஜில் பயின்றவரே. இலக்கியத்தில் பரிசுகள் வென்ற அவர், கணிதச் சிறப்புத் தேர்வில் தேறவில்லை. விரும்பி ஏற்ற இரண்டாவது பாடம் பீலுக்குப் பெருமை தந்தது. கட்டாயமாகச் சுமத்தப்பட்ட இரண்டாவது பாடம் மெக்காலேவுக்குத் தடையாக நின்றது.

அமெரிக்காவின் 'மேஜர்'

முதன்மைப் பாடம் என்று இன்று நாம் சொல்லும் ஏற்பாடு அமெரிக்காவில் உருவானது. 1869இல் ஹார்வர்டின் தலைவரான சார்லஸ் எலியட், மாணவர் தமக்கு வேண்டிய பாடங்களைத் தாமே தேர்ந்தெடுக்கும் முறையை விரிவாக்கினார். நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே கட்டாயப் பாடங்கள் பெரும்பாலும் மறைந்தன. இதைப் பலர் எதிர்த்தனர். பிரின்ஸ்டன் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷ் 1885இல் நியூயார்க்கில் எலியட்டுடன் நேருக்கு நேர் வாதிட்டார். முழுச் சுதந்திரம் கொடுத்தால் மாணவர் எளிய பாடங்களை நாடி, எதிலும் ஆழமின்றி வெளியேறுவர் என்பது எதிர்ப்பாளர்களின் அச்சம்.

1909இல் எலியட்டுக்குப் பின் வந்த லாரன்ஸ் லோவெல் நடுவழி ஒன்றைக் கண்டார். மாணவர் ஒரு துறையில் குறிப்பிட்ட அளவு பாடங்களை ஆழமாகப் படிக்க வேண்டும்; மீதியைப் பிற துறைகளில் பரவலாகப் படிக்க வேண்டும். இவ்வாறு ஒரு துறைக்கு வேண்டிய பாடங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டதும், அதே கணக்கை மற்றொரு துறையிலும் நிறைவு செய்யும் வாய்ப்பு பிறந்தது. இரட்டை முதன்மைப் பாடத்துக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

இந்தியாவில்

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பட்டன. பட்டப் படிப்புக்கு முன் எஃப்.ஏ. என்ற தேர்வில் எல்லாப் பாடங்களிலும் தேற வேண்டும். கணிதமேதை இராமானுசன் இந்த விதியில் சிக்கிக்கொண்டார். ஆங்கிலத்தில் தவறியதால் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தார். பின்னர் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும், உடலியல் போன்ற பாடங்கள் கைகொடுக்காததால் எஃப்.ஏ. தேறவில்லை. கணிதத்தில் அவருக்கு நிகர் யாருமில்லை. ஆனாலும் அன்றைய முறையில் அவரால் பட்டம் பெற முடியவில்லை.

பிற்காலத்தில் மாநிலங்கள் வெவ்வேறு வழிகளில் சென்றன. தமிழ்நாட்டில் ஒரு முதன்மைப் பாடமும் அதற்கு உதவும் துணைப் பாடங்களும் என்ற அமைப்பு வேரூன்றியது. ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் கணிதம், இயற்பியல், வேதியியல் போன்று மூன்று பாடங்களைச் சமமாகப் படிக்கும் பி.எஸ்சி. நெடுங்காலம் வழக்கில் இருந்தது. ஆகவே, பல முதன்மைப் பாடங்கள் என்பது இந்தியாவுக்குப் புதிதாக வந்த சரக்கன்று.

2022இல் வந்த மாற்றம்

ஒரே காலத்தில் இரண்டு முழுநேரப் பட்டங்கள் படிக்க நெடுங்காலம் அனுமதி இல்லை. 2022 ஏப்ரலில் பல்கலைக்கழக மானியக் குழு இத்தடையை நீக்கியது. வகுப்பு நேரங்கள் ஒன்றோடொன்று மோதாவிட்டால் இரண்டையும் நேரடியாகவே படிக்கலாம். ஒன்றை நேரடியாகவும் மற்றொன்றைத் தொலைநிலை வழியாகவோ இணைய வழியாகவோ படிக்கலாம். இரண்டையுமே அவ்வழிகளில் படிக்கவும் இயலும். முனைவர் பட்டத்துக்கு இவ்வனுமதி பொருந்தாது.

அதே ஆண்டு டிசம்பரில் வெளியான இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பு இரட்டை முதன்மைப் பாடத்துக்கும் இடம் தந்தது. மொத்தக் கிரெடிட்டுகளில் குறைந்தது 40 விழுக்காட்டை இரண்டாவது துறையில் பெற வேண்டும். மூன்றாண்டுப் படிப்பின் 120 கிரெடிட்டுகளில் இது 48 ஆகும். தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு அரசு ஏற்காததால், இங்குள்ள மாணவர்கள் தங்கள் கல்லூரியில் இவ்வசதி உண்டா என்று கேட்டறிவது அவசியம்.

நேரத்தின் கணக்கு

மேற்கண்ட இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாடு கிரெடிட் கணக்கில் தெளிவாகும். ஒரு கிரெடிட் என்பது பருவத்துக்கு 15 மணிநேர விரிவுரை, அதாவது வாரத்துக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரம். 120 கிரெடிட்டுகளை ஆறு பருவங்களுக்குப் பகிர்ந்தால் பருவத்துக்கு 20 கிரெடிட்; வாரத்துக்கு 20 மணிநேர வகுப்பு. இரட்டை முதன்மைப் பாடம் இந்த எல்லைக்குள் அடங்கும். அத்தகைய இரண்டு பட்டங்களை ஒருங்கே படித்தால் வாரத்துக்கு 40 மணிநேரம் ஆகிவிடும். செய்முறை வகுப்புகள் இருந்தால் நேரம் இன்னும் கூடும். தனியே படிப்பதற்கும் தேர்வுக்கும் வேண்டிய நேரம் இதில் சேரவில்லை. குடும்பத்துக்காகப் பகுதிநேர வேலை பார்க்கும் மாணவருக்கு இந்த வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கும்.

முடிவுரை

ஒரு பாடமா, பல பாடங்களா என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே விடையை எந்தக் காலமும் கண்டதில்லை. பீலின் வெற்றியும் இராமானுசனின் தோல்வியும் காட்டுவது ஒன்றே: பரந்த படிப்பு மாணவர் விரும்பி ஏற்கும்போது வலிமையாகிறது, விதியாக மாறும்போது ஒரு மேதையையும் வெளியே நிறுத்திவிடக்கூடும். இன்று விதி தளர்ந்து, தேர்வு மாணவர் கைக்கு வந்துள்ளது. எத்தனை சான்றிதழ்கள் கிடைக்கும் என்று எண்ணுவதற்கு முன், வாரத்தில் எத்தனை மணிநேரம் தம் கையில் உள்ளது என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.