பெயரை விற்ற சகோதரர்

இத்தாலியின் பொலோன்யா நகரச் சதுக்கத்தில் கடல் தெய்வமான நெப்டியூன் திரிசூலம் ஏந்தி நிற்கும் சிலை ஒன்று உண்டு. மாசெராட்டி கார்களின் சின்னம் அச்சூலமே. அவ்வூரில் 1914-ஆம் ஆண்டு ஆல்ஃபியேரி மாசெராட்டி என்பார் தொடங்கிய சிறு பட்டறையில் அவருடைய சகோதரரும் சேர்ந்து உழைத்தனர். 1926-இல் குடும்பப் பெயர் தாங்கிய முதற் பந்தயக் கார் வெளிவந்தது.

1932-இல் ஆல்ஃபியேரி காலமானார். பந்தயம் புகழைத் தந்ததேயன்றிப் பொருளைத் தரவில்லை. 1937-இல் பிண்டோ, எட்டோரே, எர்னெஸ்டோ ஆகிய மூவரும் தொழிலை மோடெனா நகரச் செல்வர் ஓர்சிக்கு விற்றனர். பெயரும் உடன் போயிற்று. பத்தாண்டுகள் அங்கேயே பணிபுரிவதாக ஒப்பந்தம்.

1947-இல் தவணை முடிந்ததும் மூவரும் சொந்த ஊர்ப் பக்கம் திரும்பினர். மூத்தவரான பிண்டோ, ஆசிரியருக்கு ஓய்வு தரும் வயதைக் கடந்தவர்! பொலோன்யாவை அடுத்த சான் லாஸ்ஸாரோவில் புதிய பட்டறை எழுந்தது. தம் பெயரையே தம் காருக்கு இட உரிமை இல்லை. ஆகவே 'ஓஸ்கா' என்று பெயரிட்டனர். எஞ்சினை எர்னெஸ்டோ வரைந்தார். எஞ்சினும் அடிச்சட்டமும் பட்டறையிலேயே கைவேலையாக உருவாயின; மேற்கூட்டைப் பெரும்பாலும் வெளியிலிருந்த தகட்டுக் கம்மியர் அடித்துத் தந்தனர். முதல் காருக்கு இட்ட குறி 'எம்.டி. 4'. அதிலுள்ள 'எம்' என்னும் எழுத்து மாசெராட்டியைக் குறிப்பது! பெயர் எழுதாத விடைத்தாளையும் கையெழுத்தால் கண்டுகொள்ளும் எம்போன்றோர்க்கு இது புன்னகை தரும் செய்தி.

1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் என்னுமிடத்தில் பன்னிரண்டு மணிநேரப் பந்தயம் நடைபெற்றது. லான்சியா நிறுவனம் 3.3 லிட்டர் எஞ்சின் பூட்டிய கார்களுடன் வந்திருந்தது. ஓஸ்காவின் எஞ்சினோ ஒன்றரை லிட்டருக்கும் சற்றுக் குறைவு. ஸ்டர்லிங் மாஸ், பில் லாய்ட் ஆகிய இருவரும் அதனை மாறிமாறி ஓட்டினர். பிற்பகுதியில் பிரேக் ஏறத்தாழப் பயனற்றுப் போயிற்று. கியரை மாற்றியே வேகத்தை அடக்க வேண்டியதாயிற்று. முன்னே பாய்ந்த லான்சியாக்கள் பழுதுற்றுப் பின்தங்கின. சிறிய ஓஸ்கா அனைத்துக் கார்களையும் வென்று முதலிடம் பெற்றது.

வெற்றி வந்தும் வருவாய் பெருகவில்லை. முதுமையுற்ற சகோதரர்கள் 1963-இல் பட்டறையை மோட்டார் சைக்கிள் செய்யும் அகுஸ்தா நிறுவனத்தாரிடம் ஒப்படைத்தனர். 1967-இல் அதன் கதவுகள் மூடப்பட்டன.