துணிக்கோலும் நிலக்கோலும்

நீட்டலளவை மனிதன் உடலிலிருந்தே தோன்றியது. விரல், சாண், முழம் என்னும் நம் அளவைப் பெயர்களே இதற்குச் சான்று பகரும். ஆங்கிலேயரும் பாதத்தினின்று அடியையும், முன்கையினின்று 'எல்' என்னும் துணியளவையையும் பெற்றனர். ஆயின் அவர்தம் வாய்பாட்டைக் கற்கும் மாணவர் ஓரிடத்தில் இடர்ப்படுவர். 12 அங்குலம் ஓர் அடி. 3 அடி ஒரு யார். அதன்மேல், 5½ யார் ஒரு பேர்ச். முழு எண்களாய் வந்த வாய்பாட்டில் இந்த அரை எங்ஙனம் புகுந்தது? அது கணக்கர் செய்த பிழையன்று. துணியை அளந்த கோலும் நிலத்தை அளந்த கோலும் வெவ்வேறு வரலாறுடையன என்பதற்கு எஞ்சிநிற்கும் அடையாளம் அது.

துணியளவை அரசாணைக்கும் வணிகர் வழக்கத்துக்கும் எளிதில் இணங்குவது. முதலாம் றிச்சாட் மன்னன், 12ஆம் நூற்றாண்டின் இறுதியில், நாடெங்கும் ஒரே நீளமுள்ள இரும்புக்கோல் வழங்கவேண்டுமென விதித்தான். 1215ஆம் ஆண்டு மகாபட்டயம் சாயமிட்ட துணியின் அகலம் இரு கரைகளுக்கிடையே இரண்டு கோல் இருத்தல் வேண்டுமென வரையறுத்தது. ஆயினும் வணிகர் யாருக்கு யார் சிறிது மிகையாக அளந்து பெற்றுவந்தனர். ஒரு யாருடன் ஒரு கையகலம் கூட்டும் வழக்கத்தை 1439ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கி, ஓர் அங்குலம் கூட்டுவதை மட்டும் அனுமதித்தது.

'எல்' என்பதும் நாட்டுக்கு நாடு வேறுபட்டது. எனினும் யாரை நான்கு காலாகப் பகுத்துக்கொண்டால் மாற்றுக்கணக்கு மிக எளிதாகும். 9 அங்குலம் ஒரு கால். பிளாந்தர் நாட்டு எல் 3 கால், ஆங்கில எல் 5 கால், பிரெஞ்சு எல் 6 கால். ஆகவே 20 பிளாந்தர் எல் துணி 60 கால். அது 15 யாருக்கும் 12 ஆங்கில எல்லுக்கும் சமமாம். முதலாம் எலிசபெத் அரசி 1588இல் நியமக்கோல்களை வார்ப்பித்தபோது யாருக்கொன்றும் எல்லுக்கொன்றுமாக இரண்டையும் செய்வித்தாள். இரண்டும் சந்தையில் உயிர்வாழ்ந்தமையே காரணம்.

நிலத்தின் நிலை வேறு. 1300ஆம் ஆண்டையொட்டி எழுந்த அளவைச் சட்டமொன்று, வாற்கோதுமை மணி மூன்று கொண்டது அங்குலம் எனத் தொடங்கி, 5½ யார் ஒரு பேர்ச் எனவும், நீளம் 40 பேர்ச்சும் அகலம் 4 பேர்ச்சும் கொண்டது ஏக்கர் எனவும் கூறியது. முன்னாளில் வழங்கிய நீண்ட அடியால் பேர்ச் 15 அடியாக இருந்தது என்றும், அடியைப் பதினொன்றில் பத்துப் பங்காகக் குறைத்தபோது அதே கோல் 16½ அடியாயிற்று என்றும் அளவை வரலாற்றாசிரியர் சிலர் விளக்குவர். அடி குறைந்தது, கோல் குறையவில்லை. கோலைக் குறைத்தால் ஒவ்வொரு வயலின் பரப்பெண்ணும் மாறும்; அதனைப் பற்றிய வாரமும் வரியும் மாறும். அவ்வழக்குகளை ஏற்பதினும் ஓர் அரையை ஏற்பது எளிது.

இதே உண்மையை 1593ஆம் ஆண்டுச் சட்டமும் காட்டும். உரோமர் வழிவந்த மைல் 5000 அடியாகக் கொள்ளப்பட்டது. உழவுச்சாலின் நீளமாகிய 'பர்லாங்' 40 பேர்ச், அதாவது 660 அடி. மைலுக்கு 8 பர்லாங் என அமைத்தபோது பர்லாங் சுருங்கவில்லை. மைலே 5280 அடியாக நீண்டது. மைலுக்கு உரிமையாளர் எவருமிலர், ஏக்கருக்கு உளர். பின்னர் எட்மண்ட் கண்டர் 66 அடிச் சங்கிலியை 100 கண்ணிகளாக வகுத்தபோதும், 4 பேர்ச் நீளத்தையே அதற்கு அளவாகக் கொண்டார். பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கராயிற்று.

அயல்நாடுகளில் இந்நிலை மேலும் சிக்கலுற்றது. ஸ்கொத்லாந்தில் 37 அங்குல எல் ஆறு கூடியது ஒரு நிலக்கோல். ஆண்டுத் துணியும் நிலமும் முழு எண்ணில் இணைந்தன. அயர்லாந்தின் பேர்ச் 21 அடி. ஆதலின் அதன் ஏக்கர் 7840 சதுர யார், ஆங்கில ஏக்கரோ 4840. பத்து அயர்லாந்து ஏக்கர் ஏறத்தாழ 16 ஆங்கில ஏக்கர் 32 பேர்ச் ஆகும். ஏக்கருக்கு இவ்வளவு எனக் குத்தகை பேசி, எந்த ஏக்கர் என்பதை எழுதாது விட்டால், ஒரே வயலுக்குப் பத்து மடங்கு இறுப்பதா பதினாறு மடங்கு இறுப்பதா என்பது உழவனின் வாழ்வையே தீர்மானித்துவிடும். 1824ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வேற்றுமைகளை நீக்க முயன்றது.

அந்த ஆங்கிலக் கோலே ஈழத்துக்கும் வந்தது. இங்கு நில அளவைத் திணைக்களம் 1800இல் நிறுவப்பட்டது. யாழ்ப்பாணத்துப் 'பரப்பு' 10 பேர்ச் எனவும், 16 பரப்பு ஓர் ஏக்கர் எனவும் கணிக்கப்படும். இங்குப் பேர்ச் என்பது சதுர பேர்ச்சையே குறிக்கும். அது 272¼ சதுர அடி. மெற்றிக் முறை வந்த பின்னரும் காணி விலை பேர்ச்சுக் கணக்கிலேயே பேசப்படுகின்றது. துணியோ மீற்றருக்கு இணங்கிவிட்டது.

ஆதலின் பழைய உறுதியையோ வணிகர் ஏட்டையோ ஆராய்பவர், பெருக்கத் தொடங்குமுன் மூன்றைத் தெளிதல் வேண்டும்: அளக்கப்பட்ட பொருள் யாது, இடம் யாது, காலம் யாது. இவை தெரியாதவிடத்து வாய்பாடு தரும் விடை எண்ணளவிற் சரியாயினும் வரலாற்றளவிற் பிழையாகும்.