ஆடு புலி ஆட்டம்

ஆடு புலி ஆட்டம் என்பது தமிழ்நாடு, புதுச்சேரி உள்ளிட்ட தென்னிந்தியப் பகுதிகளில் இருவர் மாறிமாறிக் காய் நகர்த்தி ஆடும் உத்தி விளையாட்டு ஆகும். கோடுகள் சந்திக்கும் 23 புள்ளிகளில் ஒருவர் 3 புலிகளையும் மற்றவர் 15 ஆடுகளையும் கொண்டு ஆடுவர். ஆட்டைத் தாண்டி அடுத்த வெற்றுப் புள்ளியில் அமரும் புலி அதனை வெட்டும். புலிகள் அனைத்தும் நகர வழியின்றி அடைபட்டால் ஆடுகள் வெற்றிபெறும்.

நிறைகள்

பகடை இல்லாததால் வெற்றி ஆடுவோரின் திறனையே பொறுத்தது. வலிமை ஒரு பக்கமும் எண்ணிக்கை மறுபக்கமும் இருப்பதால், இரு தரப்பினரும் வெவ்வேறு உத்திகளைக் கையாள வேண்டும். தரையில் கோடு கிழித்துக் கற்களைக் கொண்டே ஆடலாம்.

குறைகள்

எல்லா ஆடுகளும் இறக்கப்படும் வரை எந்த ஆட்டையும் நகர்த்த இயலாது. எனவே தொடக்கப் பிழையைத் திருத்துவது கடினம். எத்தனை ஆடுகளை வெட்டினால் புலிகளுக்கு வெற்றி என்பது ஊருக்கு ஊர் வேறுபடுவதால், முன்கூட்டியே உடன்பாடு தேவைப்படுகிறது.