எல்லைப்புறத்தின் கையறுநிலை

அழிந்துபோன வாழ்வுக்கு இரங்கிப் பாடுவது இலக்கியத்துக்குப் புதிதன்று. அதனைக் கையறுநிலை என்றனர் நம் முன்னோர். ஆயின் இரங்கற்பாடல் எதுவாயினும், மாண்டவர் யார், இரங்குபவர் யார் என்ற இரு வினாக்களை நாம் எழுப்புதல் வேண்டும். 1962இல் ஜோன் போர்ட் நெறிப்படுத்திய 'லிபர்ட்டி வலன்ஸைச் சுட்ட மனிதன்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தையும் அவ்வாறே நோக்குதல் தகும்.

முதிர்ந்த செனற்றர் ஒருவர் மனைவியுடன் புகையிரதத்தில் ஷின்போன் என்னும் சிற்றூருக்கு வருகிறார். ரொம் டொனிபன் என்ற ஏழையின் ஈமச்சடங்குக்கே அவ்வருகை. பெட்டியிற் கிடத்தப்பட்ட பிணத்தின் கால்களிற் சப்பாத்தும் இல்லை. கொடியவன் வலன்ஸைச் சுட்டவர் என்ற புகழே செனற்றரை அரசியலில் உயர்த்தியது. உண்மையிற் சுட்டவனோ இருளில் மறைந்து நின்ற டொனிபன். இதனைக் கேட்டறிந்த பத்திரிகை ஆசிரியர் அச்சிட மறுத்துக் குறிப்புகளைக் கிழித்தெறிகிறார்.

துப்பாக்கி வீரனின் காலம் முடிந்தது. சட்டமும் பள்ளிக்கூடமும் வந்தன. இதுவே படத்தின் துயரம். அதன் பின்னணி வரலாறு யாது?

1862இல் நிறைவேறிய குடியேற்றச் சட்டம், ஐந்தாண்டுகள் தங்கிப் பயிரிட்டவனுக்கு 160 ஏக்கர் நிலம் வழங்கியது. 1869இல் யூட்டாவிற் கிழக்கும் மேற்கும் இருப்புப்பாதையால் இணைந்தன. 1874இல் ஜோசப் கிளிடன் முட்கம்பிக்குக் காப்புரிமை பெற்றார். திறந்த மேய்ச்சல் வெளிகள் வேலிகளுக்குள் அடங்கலாயின. 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு, தொடர்ச்சியான எல்லைக்கோடு இனி இல்லை என்றது. மூன்றாண்டுகளின் பின் சிக்காகோவில் வரலாற்றாசிரியர் பிரெடரிக் ஜக்சன் ரேணர், அமெரிக்க ஜனநாயகத்தை உருவாக்கியது அவ்வெல்லைப்புறத்தின் கட்டற்ற நிலமே என வாதிட்டார்.

அந்நிலம் வெறுமையாய்க் கிடந்ததா? அதே 1890 டிசம்பர் 29ஆம் நாள், தென் டக்கோட்டாவின் வூண்டட் நீயில், லக்கோட்டா மக்கள் 150 பேருக்கு மேல் இராணுவத்தாற் கொல்லப்பட்டனர். அவர்களிற் பெண்களும் குழந்தைகளும் பலர். 1887இன் டோஸ் சட்டம் பூர்வகுடிகளின் பொதுநிலத்தைத் தனியுடைமையாகக் கூறுபோட்டது. ஏறத்தாழ 13 கோடி 80 இலட்சம் ஏக்கராக இருந்த அவர்தம் நிலம், 1934இல் 4 கோடி 80 இலட்சமாகக் குறுகிற்று.

படத்திலோ இம்மக்களுக்கு இடமில்லை. ஆயினும் அதனை வெறும் பொய் என ஒதுக்குதல் நேர்மையாகாது. வலன்ஸ் தனிப்பட்ட தீயவன் அல்லன். மாநில அந்தஸ்தை எதிர்த்த பெருமந்தை முதலாளிகளின் கூலியாள் என்பதைப் படம் மறைக்கவில்லை. வகுப்பறைக் காட்சியில், டொனிபனிடம் வேலை செய்யும் கறுப்பினத் தொழிலாளி பொம்பி சுதந்திரப் பிரகடனத்தை ஒப்புவிக்கையில், மனிதர் யாவரும் சமம் என்ற பகுதியை மறந்துவிடுகிறான். அதனைப் பலரும் மறந்துவிடுகிறார்கள் என்கிறார் ஆசிரியர். இங்கே போர்ட் தம் நாட்டின் புண்ணைத் தொட்டுவிட்டார். 1964இல் அவர் எடுத்த 'செயென் இலையுதிர்காலம்', 1878இல் தாயகம் நோக்கி நடந்த செயென் மக்களின் துயரையே கருப்பொருளாக்கிற்று.

எனவே மாணவர்க்கு இத்தகைய படங்களைப் பற்றிக் கூறும்போது, டொனிபனின் பெட்டியருகே அவர்கள் கண்கலங்குவதை நாம் தடுக்க வேண்டியதில்லை. அந்தப் பெட்டி புதைக்கப்படும் மண் அதற்கு முன் யாருடையது என்று அவர்களைக் கேட்கச் செய்தாற் போதும். பத்திரிகை ஆசிரியர் கிழித்தெறிந்த குறிப்புகளை எடுத்து ஒட்டிப் படிப்பதே வரலாற்று ஆசிரியனின் பணியாகும்.