குண்டுவீச்சு விமானம் தந்த குறுக்குவழி

வீட்டு வைஃபை ரவுட்டரில் நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்கள் ஒரே நேரத்தில், ஒரே அலைவரிசையில், ஆளுக்கொரு செய்தியை அனுப்பக்கூடியவை. கைப்பேசிக்கு வந்து சேர்வதோ எல்லாம் கலந்த கூச்சல். எது எந்த ஆன்டெனா அனுப்பியது என்று பிரித்தெடுக்க சிப்புக்குள் ஒரு சுற்று இருக்கிறது. பேட்டரியைக் காலி செய்யாமல் அந்த வேலையை முடிக்க வேண்டும். அதன் பூர்வீகத்தைத் தோண்டினால், வயர்லெஸ்ஸுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்கள் பலர் வரிசையாக வருகிறார்கள்.

முதல் ஆள் ஜாக் வோல்டர். 1956இல் அமெரிக்காவின் கான்வேர் நிறுவனத்தில், பி-58 குண்டுவீச்சு விமானத்தின் வழிகாட்டும் கணினிக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார். கோணங்களைச் சுழற்றப் பெருக்கல் வேண்டும். அன்று பெருக்கும் சுற்று இடத்தையும் பணத்தையும் விழுங்கும். அவர் கண்ட தந்திரம் எளிது. 30 டிகிரி திருப்ப வேண்டுமா? முன்னே 45, பின்னே 26.57, முன்னே 14.04, பின்னே 7.13 என்று ஆடி ஆடி இலக்கை நெருங்கலாம். இவை 1, 1/2, 1/4, 1/8 ஆகியவற்றை டேன்ஜென்ட் மதிப்பாகக் கொண்ட கோணங்கள். இரும எண்ணில் பாதியாக்குவது என்றால் இலக்கங்களை ஓரிடம் நகர்த்துவதுதான். ஆக, நகர்த்தலும் கூட்டலும் போதும். 1959இல் வெளியான இந்த முறைக்குக் 'கார்டிக்' என்று பெயர்.

விமானத்திலிருந்து அது சட்டைப்பைக்கு இறங்கியது. 1972இல் ஹெச்பி-35 கால்குலேட்டர் சைன், கொசைன் போட்டது இதை வைத்துத்தான். 1980இல் இன்டெலின் 8087 சிப்பும் எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் 1958இல் வாலஸ் கிவன்ஸ் என்ற கணித அறிஞர், ஓர் எண் அணியைச் சுழற்றிச் சுழற்றி முக்கோண வடிவத்துக்குக் கொண்டுவரும் முறையைச் சொன்னார். 1981இல் ஜென்டில்மேன், குங் என்ற இருவர் அந்த வேலையைச் சிறு சிறு கணக்கு அறைகளின் முக்கோண வரிசையாகச் சிப்பில் அடுக்கலாம் என்று காட்டினார்கள். அதில் முதலில் ஆசைப்பட்டவர்கள் ரேடார்காரர்கள்; எதிரி கிளப்பும் இரைச்சலை ஒதுக்க அது கைகொடுத்தது. சுழற்றும் அறைக்குள் கார்டிக் கச்சிதமாகப் பொருந்தியது.

அதன் பிறகுதான் பல ஆன்டெனா யோசனை பிறந்தது. பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படைக்குச் சோனார் உருவாக்கிய ஆரோக்கியசாமி பால்ராஜ், ஸ்டான்ஃபோர்டில் தாமஸ் கைலாத்துடன் சேர்ந்து 1992இல் இதற்குக் காப்புரிமை கோரினார். 1996இல் பெல் லேப்ஸின் ஃபோஷினி இன்னொரு வழியில் இதே இடத்துக்கு வந்தார். அனுப்புவது சுலபம்; பிரிப்பதுதான் தலைவலி. நான்கு ஆன்டெனா, ஒவ்வொன்றும் 64 குறிகளில் ஒன்றை அனுப்பினால், சாத்தியங்கள் 1,67,77,216. ஒவ்வொரு முறையும் அத்தனையையும் சரிபார்த்தால் எந்த பேட்டரி தாங்கும்?

விடை எண் கோட்பாட்டில் கிடந்தது. 1985இல் ஃபின்கேயும் போஸ்டும், புள்ளிப் பின்னல்களில் மிகக் குட்டையான கோடுகளைத் தேட ஒரு கோளத்தை வரைந்து, அதற்கு வெளியே இருப்பதையெல்லாம் தள்ளிவிட்டார்கள். 1999இல் வித்தெர்போவும் பூட்ரோஸும் அதை வயர்லெஸ்ஸுக்கு இழுத்துவந்தார்கள்: வந்த சிக்னலுக்கு அருகிலுள்ள சாத்தியங்களை மட்டும் பார்த்தால் போதும். தேடலைத் தொடங்க, செய்திகள் எப்படிக் கலந்தன என்று சொல்லும் அணி முதலில் முக்கோணமாக வேண்டும். கிவன்ஸும் வோல்டரும் மறுபடி வேலைக்கு வந்தார்கள். 2005இல் சூரிச்சின் இ.டி.ஹெச். ஆய்வாளர்கள் கோளத் தேடலைச் சிப்பாகவே செய்துகாட்டினார்கள். ஒரு சிக்கல்: தேடல் எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அதற்கு மாற்று ஹாங்காங்கிலிருந்து 2002லேயே வந்திருந்தது. ஒவ்வொரு படியிலும் தேறிய சில சாத்தியங்களை மட்டும் வைத்துக்கொள், மற்றவற்றை விடு. துல்லியம் கொஞ்சம் குறையும், ஆனால் நேரமும் மின்செலவும் கட்டுக்குள் நிற்கும்.

2010இல் பெல் லேப்ஸின் மார்செட்டா, கோபுரத்தில் ஆன்டெனாக்களை ஏராளமாகக் குவிக்கச் சொன்னார். பயனர்களைவிட ஆன்டெனா பல மடங்கு இருந்தால் செய்திகள் பெருமளவு தாமாகவே விலகி நிற்கும். மிச்சமிருக்கும் கலப்பைப் பிரிக்க ஓர் அணியின் நேர்மாறைக் கணக்கிட வேண்டும்; அங்கே உதவியது 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர் கார்ல் நாய்மனின் முடிவிலாத் தொடர். முழுத் தொடர் தேவையில்லை. முதல் இரண்டு மூன்று உறுப்புகளே போதும் என்று 2014இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தாரும் கூட்டாளிகளும் வன்பொருளில் நிறுவினார்கள். பயனர் எண்ணிக்கை ஆன்டெனா எண்ணிக்கையை நெருங்கினால் மட்டும் இந்தச் சலுகை செல்லாது.

வோல்டர் பெருக்கலை விட்டார், ஃபின்கேயும் போஸ்டும் தொலைவுப் புள்ளிகளை விட்டார்கள், ஹாங்காங்காரர்கள் பின்தங்கியவற்றை விட்டார்கள், ரைஸ்காரர்கள் தொடரின் வாலை விட்டார்கள். அன்று மிச்சமானது இடமும் காசும். இன்று மிச்சமாவது மின்சாரம். எந்தக் கணக்கைப் போடாமல் விட்டாலும் செய்தி கெடாது என்று கண்டுபிடிப்பதுதான் இத்தொழிலில் 60 ஆண்டுகளுக்கும் மேலாகக் கைமாறிவரும் சொத்து.